ஏரிக்குப் போன கப்பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெயக்குமாரை அந்த ஏரிக்கு அனுப்பி வைத்தது அவன் அப்பா வெள்ளைச்சாமிதான். யாரும் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது? அன்றைக்கு ஜீயபுரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் "ரொம்பச் சரி, ஏரிக்கே அனுப்புங்க" என்று தலையாட்டியவர்கள்தான்.

ஜெயக்குமார் கப்பலில் ஃபிட்டர். ஐ.டி.ஐ. முடித்து, கைலாசபுரம் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்து, அங்கே நிரந்தரம் ஆகாது என்று தெரிந்ததும் கப்பலுக்குப் போனவன். எஞ்சின் ரூமில் எது உடைந்தாலும், எது அடைத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு முடிந்து கிளம்புகிற நேரத்தில் சென்னை ஏஜென்ட் இரண்டு கப்பலைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டார். ஒன்று, செங்கடல் வழியாகப் போகிற எண்ணெய்க் கப்பல். இன்னொன்று, கனடாவுக்குள்ளே போய், ஒரு பெரிய ஏரிக்கரையில் கோதுமை ஏற்றிக்கொண்டு வருகிற சரக்குக் கப்பல்.

"செங்கடல்ல குண்டு போடுறான்னு தினம் டிவில காட்டுறாங்க. அங்க போய் ஒண்ணும் கிழிக்க வேண்டாம். ஏரிக்கே போ," என்றார் வெள்ளைச்சாமி.

"ஏரின்னா நம்ம ஊரு ஏரி மாதிரி இல்லப்பா. ரொம்பப் பெருசு."

"எவ்வளவு பெருசா இருந்தா என்னடா? எனக்கே ஏரிப் பாடம் எடுக்கிறியா?"

அவருக்கு யாரும் ஏரிப் பாடம் எடுக்க முடியாதுதான். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். மதகைத் திறந்து மூடுகிற ஆளுக்கு எங்கள் பக்கம் அந்தப் பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏரிகளில் மதகு பார்த்தார். அப்புறம் முக்கொம்பு அணைக்கு மாற்றினார்கள். காவிரியில் தண்ணீர் மிஞ்சினால் ஷட்டரைத் தூக்கிக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவதுதான் அங்கே பிழைப்பு. கரை, மதகு, மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு, இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் எந்தத் தண்ணீரும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அவர் கட்சி. மகன் போனை எடுத்து அந்த ஏரியைக் காட்டினான். கட்டைவிரல் அகலத்துக்கு நீலமாக இருந்தது, சுற்றிலும் நிலம்.

"இதோ, நாலு பக்கமும் கரை தெரியுதுல்ல? அப்புறம் என்ன? கடல்னா கரை கண்ணுல படுமா? சரி, இதுக்குக் கலிங்கு எந்தப் பக்கம் வச்சிருக்கான்?"

ஜெயக்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். டீக்கடையும் சேர்ந்து சிரித்தது. அப்படித்தான் அந்த முடிவு ஆனது. அந்த ஏரிக்கு ஒரு பேர் உண்டு; வெள்ளைச்சாமி வாயில் அது கடைசி வரைக்கும் நுழையவில்லை.

அவர் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு ஏரி என்று கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. கடலை அவள் வேளாங்கண்ணியில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அதுவே போதும் போதும் என்று ஆகிவிட்டது. மகன் கப்பலுக்குப் போனதிலிருந்து நல்ல தூக்கம் என்பதே கிடையாது. இந்தத் தடவைதான் முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்துவிட்டு, "ஏரித் தண்ணியில கண்டபடி குளிக்காதடா, சளி பிடிக்கும்" என்று சிரித்த முகமாக வழியனுப்பினாள்.

கிளம்பும் முன்னால் ஜெயக்குமார் அவள் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தான். உலகத்தில் ஓடுகிற கப்பல் எல்லாம் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவன் கப்பல் எது என்று குறித்தும் கொடுத்துவிட்டான். காலையில் வாசலில் கோலத்தைப் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக அவள் அதைத்தான் திறப்பாள். "தம்பி நகர்ந்திருக்கான்" என்பாள். "தம்பி கரையில நிக்கிறான், சரக்கு ஏத்துறாங்க போல" என்பாள். அந்தப் புள்ளிக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்திருப்பாள், அவ்வளவு பிரியம்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் துலா ஸ்நானக் கூட்டம் குடையும் கையுமாக நின்றது. காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். அப்படி ஒரு காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளைச்சாமியின் போனுக்கு மகனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது.

முதலில் அவருக்கு எதைப் பார்க்கிறோம் என்றே புரியவில்லை. அங்கே ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி ஜன்னல் வழியாக எடுத்திருந்தான். முன்னால் கப்பலின் தளம் தெரு மாதிரி நீளமாகக் கிடந்தது. பக்கத்திலிருந்து தண்ணீர் எழும்பி வந்து அதன்மேல் விழுந்தது. தளம் மொத்தமும் காணாமல் போனது. கொஞ்ச நேரம் வெறும் நுரை. அப்புறம் மெதுவாக வெளியே வந்தது. அதற்குள் அடுத்தது எழும்பிவிட்டது. வெள்ளைச்சாமி உடனே மகனைக் கூப்பிட்டார்.

"டேய், என்னடா இது? ஏரின்னு சொன்ன?"

"ஏரிதாம்பா." பின்னால் ஏதோ இரைச்சல், கத்திக் கத்திப் பேசினான். "காத்து பிச்சு எடுக்குது. நவம்பர்ல இங்க இப்படித்தானாம்."

"கேப்டன்கிட்ட சொல்லு, கரையோரமா ஒதுக்கச் சொல்லு."

"பரிசலாப்பா இது? கரையோரம் பூரா பாறை. ஒதுங்கினாத்தான் மோசம்."

"அப்ப நங்கூரத்தைப் போடச் சொல்லு."

"ஆழம் இருக்குப்பா. அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க."

தண்ணீர் ஏறினால் வெள்ளைச்சாமி கைக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது. ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றுவார், ஷட்டர் தூக்கும், தண்ணீர் வழி கண்டு போகும். இப்போது கையில் இருந்தது டீ கிளாஸ். அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எங்கயோ தண்ணி எறங்குது போலப்பா. கோதுமை ஊறி வந்து பம்பை அடைச்சுக்குது. கூப்பிடுறாங்க, போய் எடுக்கணும்."

இது அவருக்குத் தெரிந்த விஷயம். மதகில் குப்பை அடைத்துக்கொள்வதை அவர் பார்க்காததா? "கம்பி வச்சுக் குத்திடாதடா, உள்ள போயிடும். சல்லடையக் கழட்டி, கையால அள்ளி எடு. அவசரப்படாத."

"அதத்தாம்பா செய்யுறோம். இந்த வீடியோவ அழிச்சிடுங்க. அம்மா பாத்துச்சுன்னா சோறு தின்னாது."

"சாப்பிட்டியா நீ?"

"சாப்பிட்டேம்பா. அழிச்சிடுங்க, மறந்துடாதீங்க."

மகன் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. எப்படி அழிப்பதென்று தெரியாமல் டீ மாஸ்டரிடம் கொடுத்து அழிக்கச் சொன்னார். அந்த மனுஷன் நல்லவன், ஒரு தடவை அழித்து, வேறு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடி அங்கேயும் அழித்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் வள்ளிக்கண்ணு, "தம்பி பேசினானா?" என்று கேட்டாள். "ம். சாப்பிட்டானாம்" என்றார். பொய் இல்லையே அது.

சாயந்திரம் அவள் போனைத் திறந்தபோது புள்ளி நின்றிருந்தது. "தம்பி நிக்கிறான்" என்றாள். வெள்ளைச்சாமி வாங்கிப் பார்த்தார். கப்பல் நின்றால் கரையில் நிற்கும். இது நீலத்துக்கு நட்டநடுவில் நின்றது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "டவர் இருக்காது" என்றார். அவளும், "ஆமா, மழை" என்றாள். மறுநாள் காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். அதே இடம்.

அன்றைக்கு மத்தியானம் மழையோடு மழையாக ஜமால் பைக்கில் வந்து இறங்கினான். பாலக்கரைப் பையன், ஜெயக்குமாரோடு ஒன்றாகக் கப்பல் படிப்புப் படித்தவன், லீவில் வந்திருந்தான். ரெயின்கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே வெள்ளைச்சாமிக்குத் தெரிந்துவிட்டது.

"கப்பலைக் காணோம்பா," என்றான் ஜமால். "நேத்துலேருந்து ரேடியோவுல பதில் இல்லையாம். ஹெலிகாப்டர் விட்டுத் தேடுறாங்க. லைஃப்போட் ஒண்ணு கெடச்சிருக்கு. காலியாக் கெடந்துச்சாம்."

சென்னை ஏஜென்ட் ஆபீஸுக்குப் போன் போட்டார்கள். "தகவல் வந்தா நாங்களே சொல்றோம் சார்" என்றது ஒரு குரல். சாயந்திரம் கூப்பிட்டபோதும் அதே குரல், அதே வார்த்தை. வெள்ளைச்சாமி, "ஏம்மா, பெத்தவன் பேசுறேன்" என்று ஆரம்பித்தார். "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள். நாசமாய்ப் போக! பிள்ளையைக் காணோம் என்று நிற்கிறவன் காதில் போடுவதற்கு ஒரு பாட்டா? அவர் அதையும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வார்?

இங்கே வெள்ளைச்சாமியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். முக்கொம்பிலும் கொள்ளிடத்திலும் குளிக்க வந்து வருஷத்துக்கு நாலு பேராவது தண்ணீரில் போய்விடுவார்கள். தீயணைப்புக்காரர்கள் தேடுவார்கள், பரிசல்காரர்கள் தேடுவார்கள். கிடைக்கவில்லை என்றால், "வெள்ளைச்சாமியைக் கேளு" என்பார்கள். அவர் வந்து தண்ணீரைப் பார்ப்பார், எங்கே வழுக்கினான் என்று கேட்பார், இந்த வளைவில் வரும், அந்தத் திட்டில் ஒதுங்கும் என்பார். மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிற தாயிடம் போய், "அழாதீங்கம்மா. தண்ணி யாரையும் வச்சுக்காது. மூணாம் நாள் கொடுத்துடும்" என்பார். கொடுத்துவிடும். ஒரு தடவைகூட அவர் வாக்குப் பொய்த்ததில்லை. இதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் வள்ளிக்கண்ணுவிடமும் வாயை விட்டார். அவள் சுவரில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழாத. தண்ணி வச்சுக்காது. மூணாம் நாள் கொடுத்துடும்" என்றார்.

அவள் திரும்பினாள். "என்னங்க கொடுக்கும்?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"சொல்லுங்க. என்ன கொடுக்கும்? நான் அழுதேனா இப்ப? எம்புள்ள உசுரோட இருக்கான். டவர் இல்லாத எடத்துல நிக்கிறான். யாரோ பெத்ததுக்குச் சொன்னதை எம்புள்ளைக்குச் சொல்றீங்களே, வாய் கூசலை?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "அவன் மூஞ்சியப் பாக்காம ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். தெரிஞ்சுக்குங்க."

சொன்னதுபோலவே இருந்தாள். சேதி பரவி, உறவும் ஊரும் துக்கம் கேட்க வர ஆரம்பித்தது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் யாரையும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வந்து உட்கார்ந்து, அழுது, எழுந்து போய்விடுவார்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை, அந்த வீட்டுக்கு அப்படி மறுபடி வர வேண்டாமே என்று. வள்ளிக்கண்ணு என்ன செய்தாள் தெரியுமா? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ஓடிவந்து நின்றுகொள்வாள். "வாங்க வாங்க. உள்ள வாங்க. காபி போடுறேன், குடிச்சிட்டுத்தான் போகணும்." அழுவதற்காக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்த பெண்கள் அப்படியே காபி டம்ளரை வாங்கிக்கொள்வார்கள். யாராவது பேசாமல் நழுவப் பார்த்தால் கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு போவாள். "என்ன, சொல்லாமப் போறீங்க? சொல்லிட்டுப் போங்க." அவர்கள், "போயிட்டு வரேன் வள்ளி" என்று சொல்கிற வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஜமால்தான் ரொம்பச் சிரமப்பட்டான். தினமும் பாலக்கரையிலிருந்து வருவான். "வா ஜமாலு, உக்காரு" என்பாள். போகும்போது, "போயிட்டு வரேம்மா" என்று அவன் தெளிவாகச் சொல்ல வேண்டும். முனகினால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மூணாம் நாள் வந்தது, போனது. ஒன்றும் கொடுக்கவில்லை. அதற்கப்புறமும் நாட்கள் போயின. ஒரு நாள் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டு இங்கிலீஷில் நீளமாகப் பேசினார்கள். ஜமால் கேட்டுக்கொண்டு போனை வைத்தான். "தேடுறத நிறுத்திட்டாங்களாம்பா" என்றான்.

"யாரைக் கேட்டு நிறுத்தினாங்க?" என்றார் வெள்ளைச்சாமி. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முக்கொம்புக்குப் போனார், வீட்டில் வைத்துப் பேச முடியாது என்று. ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. பாலத்துக் கைப்பிடியில் ஜமாலின் போனை வைத்து அந்த நீலத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"காத்து எங்கேருந்து அடிச்சுது? மேற்கேருந்தா? அப்ப நேரா இந்தப் பக்கம் தள்ளும். இந்த மூலை இருக்கு பாரு, குடைஞ்ச மாதிரி. இங்கதான் ஒதுங்கும். இங்க ஆள் விடச் சொல்லு. எனக்கு பாஸ்போர்ட் மட்டும் இருந்தா நானே போய் நின்னு காட்டுவேன். நீ இங்கிலீஷ்ல சொல்லுப்பா, இந்த மூலைன்னு சொல்லு."

ஜமால் அழ ஆரம்பித்துவிட்டான். "அங்க ஒதுங்காதுப்பா."

"ஏன் ஒதுங்காது? எந்தத் தண்ணியும் ஒதுக்கும்."

"அந்தத் தண்ணி ஐஸ்ப்பா. அடியில எப்பவும் ஐஸ் மாதிரிதான் இருக்குமாம். அதுல போனவங்க மேல வர்றதில்லையாம். எனக்கு அந்த லைன்ல போன சீனியர் ஒருத்தர் சொன்னாரு. அவ்வளவு குளிர்ல உடம்பு…"

அவன் முடிக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு ஏன் மேலே வருகிறது என்பது வெள்ளைச்சாமிக்குத் தெரியாதா? சூட்டில் கெடும், ஊதும், வரும். சித்திரையில் சீக்கிரம் வரும், மார்கழியில் ஒரு நாள் தாமதம் ஆகும். இதை அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் மனசு இரங்கிக் கொடுக்கிறது என்று தாய்மார்களிடம் சொன்னதெல்லாம் ஆறுதலுக்கு.

"அப்ப எம்புள்ள கெடாம இருப்பானா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அப்படியேவா?"

"அப்படியேதாம்பா."

வெள்ளைச்சாமி அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் அழுததை அணையில் டூட்டி பார்த்த ஆட்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள், கிட்டே வரவில்லை. வள்ளிக்கண்ணுவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்?

கார்த்திகை பிறந்தது. ஒரு நாள் காலையில் தீயணைப்பு நிலையத்து ஆள் ஒருவர், கூட மணப்பாறைப் பக்கத்து மனுஷர் ஒருவர், வாசலில் வந்து நின்றார்கள். சமயபுரத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள். கோயிலுக்குப் போகும் முன்னால் கொள்ளிடத்தில் குளிக்க இறங்கியிருக்கிறார்கள். பாலத்துக்குப் பக்கத்தில், மணப்பாறைக்காரரின் பையன், காலேஜில் படிக்கிறவன், முந்தாநாள் வழுக்கித் தண்ணீரில் போய்விட்டான்.

வள்ளிக்கண்ணு, "வாங்க" என்றாள்.

தீயணைப்புக்காரருக்குத் தலை நிமிரவில்லை. "அண்ணே, உங்க நிலைமை தெரியும். இருந்தும் கேக்க வேற ஆள் இல்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்றார் வெள்ளைச்சாமி. "நான் சொன்னதெல்லாம் சும்மா. வேற யாரையாவது பாருங்க." மணப்பாறைக்காரர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போங்க," என்றாள் வள்ளிக்கண்ணு பின்னாலிருந்து. "பெத்தவரு வந்து கேக்குறாருல்ல. நானும் வரேன். உங்க வாக்கு பலிக்குதான்னு நானும் பாக்கணும்."

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, பாலத்தடியில் இறங்கினார்கள். வெள்ளைச்சாமி தண்ணீரைப் பார்த்தார். எந்த இடம், நீந்தத் தெரியுமா என்று கேட்டார். வாய் தானாகக் கேட்டது. இங்கே நிற்க வேண்டாம், உத்தமர்சீலிக்குப் பக்கத்தில் நாணல் மண்டின வளைவு ஒன்று இருக்கிறது, அங்கே வாங்க என்றார். அவர்கள் வந்த வேனில் ஏறும்போது வெள்ளைச்சாமி மனசுக்குள் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? தாயே, சமயபுரத்தாளே, இந்த ஒரு தடவை என் வாக்கு பலிக்கக் கூடாது. இங்கேயும் கொடுக்காவிட்டால், தண்ணீர் நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் கொடுக்காது என்று வள்ளிக்கண்ணு நினைத்துக்கொள்வாள். காத்துக்கொண்டாவது இருப்பாள். மூன்றாம் மனிதர் பிள்ளை கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு ஆகிப்போனார் அந்த மனுஷர்.

வளைவுக்கு வந்ததும் பையனின் தாய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சமயபுரத்துக்காகக் கட்டிய மஞ்சள் சேலை, முழங்கால் வரைக்கும் சேறு. வள்ளிக்கண்ணு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் எவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் வெள்ளைச்சாமியை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமாக அவர் சொல்கிற வார்த்தைக்காகத் தீயணைப்புக்காரரும் பார்த்தார். வெள்ளைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் ஏறுவதற்குள் நாணலுக்குள் நீலச் சட்டை தெரிந்தது. பரிசல்காரர்தான் முதலில் குரல் கொடுத்தார். வெள்ளைச்சாமி சொன்ன அதே வளைவு. கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள்.

அந்தத் தாய் பாய்ந்து போய் விழுந்தாள். முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் அறைந்தாள். "எந்திரிடா" என்றாள், அப்புறம் அந்த முகத்தையே மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினாள். வள்ளிக்கண்ணு எழுந்து போய் அந்தப் பையனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைச்சாமி தடுக்கப் போனார், தடுக்க முடியவில்லை. அவள் அந்தக் கால்களை எடுத்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ கொடுத்து வச்சவடி," என்றாள் அந்தத் தாயிடம். "மூஞ்சியப் பாத்துட்ட. மடியில போட்டுக்கிட்ட. நீ கொடுத்து வச்சவ."

அதற்கப்புறம்தான் அழுதாள். "ஜெயக்குமாரு, ஜெயக்குமாரு" என்று, இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் தேக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. மணப்பாறைச் சனம் திகைத்துப்போய் நின்றது, யாரும் விலக்கவில்லை. அந்தத் தாய் ஒரு கையால் மகனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வள்ளிக்கண்ணுவைச் சேர்த்து இழுத்துக்கொண்டாள். வெள்ளைச்சாமி கொஞ்ச தூரத்தில் தலைத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயந்திரம் ஜமால் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வா ஜமாலு" என்ற குரலுக்காக வழக்கம்போல நின்றான். வள்ளிக்கண்ணு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச்சாமியைப் பார்த்தான். ஜமால் தானாக உள்ளே வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாரும் காபி தரவில்லை.

இருட்டுகிற நேரத்தில் எழுந்தான். பழக்கதோஷத்தில் வாய் திறந்தது, மூடிக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, பைக்கைக் கிளப்பாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். வள்ளிக்கண்ணு கேட்டுக்கு ஓடவில்லை.